தலைமடையைப் பாருங்கள்: கோட் ஸ்டைல், வரி நீளத் தகராறுகளுக்கு அறிகுறிவாரி வைத்தியம்

கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து நெல் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். மூட்டை, ஈரப்பதம், வாடகை வண்டி, யாருக்கு எவ்வளவு பாக்கி, இதுதான் வேலை. பின்பக்கம் பைத்தான், முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். ஐந்து பேருக்கும் ஐந்து விதமான எடிட்டர் பழக்கம். ஆகையால் நிரலை எப்படி அடுக்குவது, ஒரு வரி எவ்வளவு நீளம் போகலாம் என்கிற கோட் ஸ்டைல் சண்டையில் வரக்கூடிய வகையெல்லாம் எங்களிடம் வந்து போய்விட்டது. ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடித்தோம், எங்கே கைவைத்தோம் என்று குறித்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்புதான் இது. முழுக்கப் படிக்க வேண்டாம், உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

ஒரு விஷயம் மட்டும் முதலில். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடையில் நின்று கத்துவார்களா, தலைமடையில் மதகு எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்ப்பார்களா? இங்கே தலைமடை எடிட்டர். அடுத்தது கமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தைப் பதியும்போது, தானாக ஓடும் சோதனையான ஹூக். அதற்கும் கீழே சிஐ, அனுப்பிய நிரலைப் பொதுச் சர்வரில் தானாகச் சோதிப்பது. ரிவ்யூ, அதாவது இன்னொருவர் நிரலைப் படித்துப் பார்ப்பது, கடைமடை. ரிவ்யூவில் தெரிகிற ஸ்டைல் பிரச்சினை ஏறக்குறைய எல்லாமே மேலே எங்கோ அடைத்துக்கொண்டதால் வருவது.

அறிகுறி: ரிவ்யூவில் கமெண்ட் குவிகிறது, எல்லாம் இடைவெளியும் காற்புள்ளியும்தான்

சென்ற குறுவையின்போது நடந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த மன்னார்குடிப் பெண் ஒரு புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினார். நான் உட்கார்ந்து 23 கமெண்ட் எழுதினேன். இங்கே வரி 94 எழுத்து, அங்கே ஒற்றை மேற்கோள், இங்கே இரண்டு காலி வரி வேண்டும். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் திருத்தினார். நான் சரி என்று சொல்லி மெர்ஜ் செய்தேன். நான்கு நாள் கழித்து ஒரு உழவர் குழுவிலிருந்து போன் வந்தது. ஈரப்பதம் சரியாக 17 சதவீதம் உள்ள நெல்லை உங்கள் மென்பொருள் வேண்டாம் என்று தள்ளுகிறது, கொள்முதல் நிலையத்தில் 17 வரைக்கும் எடுப்பார்களே என்றார்கள். போய்ப் பார்த்தால், 'குறைவு அல்லது சமம்' இருக்க வேண்டிய இடத்தில் 'குறைவு' மட்டும். அதே வரியில்தான் நான் வரி நீளத்துக்குக் கமெண்ட் போட்டிருந்தேன்.

"அண்ணே, 23 கமெண்ட்ல ஒண்ணுகூட கணக்கப் பத்தி இல்லயே" என்றார் அவர். கேட்டதில் தப்பே இல்லை.

இது உங்களுக்கும் நடக்கிறதா என்று பார்க்கச் சுலபமான சோதனை: கடைசிப் பத்து ரிவ்யூக்களைத் திறந்து, ஒரு கருவி சொல்லியிருக்கக்கூடிய கமெண்ட் எத்தனை, மனிதர் மட்டுமே சொல்லக்கூடியது எத்தனை என்று எண்ணுங்கள். முதல் வகை அதிகம் என்றால் உங்களிடம் நிரலைத் தானாக அடுக்கும் ஃபார்மேட்டர் இல்லை, அல்லது இருந்தும் ஓடவில்லை.

மருந்து: பைத்தானுக்கு பிளாக் அல்லது ரஃப், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ப்ரெட்டியர், கோ மொழிக்கு அதனுடனேயே வரும் கோஃபம்ட். எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. எடுத்தபின் எங்களிடம் ஒரு சட்டம் உண்டு: கருவி பிடிக்காத ஸ்டைல் குறையை ரிவ்யூவில் எழுதக்கூடாது. ரொம்ப உறுத்தினால் கருவியின் அமைப்பை மாற்றித் தனிப் புல் ரிக்வெஸ்ட் போட வேண்டும். பெயர் வைப்பது, ஒரு ஃபங்ஷன் எங்கே முடிய வேண்டும் என்பது, இவை ஸ்டைல் கணக்கில் வராது. அதைத் தாராளமாகப் பேசலாம்.

அறிகுறி: என் கணினியில் பச்சை, சிஐ-யில் சிவப்பு

எங்களிடம் நான்கு காரணங்கள் கிடைத்தன. வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ஹூக் நிறுவப்பட்டதா? ஹூக்கை ஓட்டும் ப்ரீ-கமிட் கருவியின் அமைப்புக் கோப்பு களஞ்சியத்தில் (எல்லோரும் பகிரும் நிரல் தொகுப்பில்) இருந்தால் மட்டும் ஒன்றும் ஓடாது. ஒவ்வொருவரும் தத்தம் கணினியில், ஒவ்வொரு குளோனிலும், 'ப்ரீ-கமிட் இன்ஸ்டால்' ஒருமுறை கொடுக்க வேண்டும். புது மடிக்கணினி வாங்கியவர்தான் அடிக்கடி மாட்டுவார்.

அடுத்து பதிப்பு. உங்களிடம் ஒன்று, சிஐ-யில் இன்னொன்று. இரண்டு இடத்திலும் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, கருவி உங்கள் அமைப்பைப் படிக்கவே இல்லை. பிளாக்கும் ரஃப்பும் பைபுராஜெக்ட் டாமல் என்னும் அமைப்புக் கோப்பைப் படிக்கும். குறை சொல்லும் கருவியான ஃப்ளேக்8 தானாக அதைப் படிக்காது. அதற்கு செட்டப் சிஎஃப்ஜி, டாக்ஸ் ஐஎன்ஐ, அல்லது அதன் பெயரிலேயே உள்ள புள்ளிக் கோப்பு வேண்டும். ஆக நீங்கள் டாமலில் வரி எல்லை 88 என்று எழுதி நிம்மதியாக இருப்பீர்கள், ஃப்ளேக்8 தன் பாட்டுக்கு 79 என்று வைத்துக்கொண்டு கத்தும்.

நான்காவது கொஞ்சம் வேடிக்கை. இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பது. பிளாக் ஒரு நீண்ட கணக்கை உடைக்கும்போது கூட்டல் குறியை அடுத்த வரியின் தொடக்கத்தில் வைக்கும். ஆபரேட்டருக்கு முன்னால் உடைக்காதே என்கிறது ஃப்ளேக்8-இன் டபிள்யூ503 எச்சரிக்கை. பின்னால் உடைக்காதே என்கிறது டபிள்யூ504. ஃப்ளேக்8 இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே அணைத்துத்தான் வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் 'இக்னோர்' என்று சொந்தப் பட்டியல் எழுதிய நொடியில் அந்தப் பழைய பட்டியல் அழிந்து இரண்டும் விழித்துக்கொள்ளும். பிறகு முன்னாலும் உடைக்க முடியாது, பின்னாலும் உடைக்க முடியாது. 'இக்னோர்' வேண்டாம், 'எக்ஸ்டெண்ட்-இக்னோர்' எழுதுங்கள். அதில், நிறுத்தக்குறிக்கு முன்னால் இடைவெளி கூடாது என்னும் ஈ203-ஐயும் சேர்த்துவிடுங்கள், ஸ்லைஸ் (பட்டியலின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது) எழுதும்போது பிளாக்குடன் அதுவும் முட்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: விலக்குப் பட்டியலில் போட்ட மைக்ரேஷன் கோப்பை (தரவுத்தள அமைப்பை மாற்றும் கோப்பை) ஹூக் திருத்தி வைக்கிறதா? ப்ரீ-கமிட் கோப்புப் பெயர்களை நேரடியாகக் கருவியிடம் கொடுக்கிறது. நேரடியாகக் கொடுத்த கோப்புக்கு 'எக்ஸ்க்ளூட்' செல்லாது. 'ஃபோர்ஸ்-எக்ஸ்க்ளூட்' என்று ஒன்று தனியாக இருக்கிறது, பிளாக்கிலும் ரஃப்பிலும்.

அறிகுறி: தை பிறந்ததும் யாரும் தொடாத கோப்பெல்லாம் சிவப்பு

பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தோம், அப்படியே இருந்தது. பிளாக் ஒரு நாள்காட்டி ஆண்டுக்குள் தன் பாணியை மாற்றாது என்று கொள்கை வைத்திருக்கிறது. மாற்றங்களைச் சேர்த்து வைத்து ஆண்டின் முதல் வெளியீட்டில் விடும். பதிப்பைக் கட்டிப்போடாமல் 'புதியது எதுவோ அது' என்று சிஐ-யில் எழுதியிருந்தால் தையில் மாட்டுவீர்கள். பதிப்பு எண்ணைப் பூட்டுங்கள். உயர்த்தும்போது தனிக் கமிட்டாக உயர்த்துங்கள்.

அறிகுறி: மாற்றியது மூன்று வரி, டிஃப் 900 வரி

இடைவெளியை ஒதுக்கிவிட்டு டிஃப், அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம், பாருங்கள். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் கட்டளையில் சிறிய 'டபிள்யூ' விருப்பம், கிட்ஹப் திரையில் 'ஹைட் ஒயிட்ஸ்பேஸ்'. 900 மூன்றாகச் சுருங்கினால் வரி முடிவு அல்லது டேப் சமாச்சாரம். சுருங்காவிட்டால் யாருடைய எடிட்டரோ சேமிக்கும்போது வேறொரு ஃபார்மேட்டரை ஓட்டியிருக்கிறது.

வரி முடிவு என்றால் விண்டோஸ் கணினி ஒன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்று. 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கட்டளையோடு 'ஈஓஎல்' விருப்பம் கொடுத்தால், ஒவ்வொரு கோப்பும் களஞ்சியத்துக்குள் எப்படி இருக்கிறது, உங்கள் வட்டில் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ஒவ்வொருவரிடமும் போய் 'ஆட்டோசிஆர்எல்எஃப் என்ன வைத்திருக்கிறாய்' என்று, வரி முடிவை மாற்றும் அந்தக் கிட் அமைப்பைக் கேட்டு மாளாது. கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்லா உரைக் கோப்புக்கும் எல்எஃப் (லினக்ஸின் வரி முடிவு) என்று ஒரு வரி எழுதி, 'ரீநார்மலைஸ்' விருப்பத்தோடு ஒருமுறை 'கிட் ஆட்' செய்து கமிட் செய்யுங்கள். அதோடு சரி.

டேப் என்றால், டேப்பா ஸ்பேஸா என்று எடிட்டர்களுக்குச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு. விஎஸ் கோடில் அதற்கு நீட்சி தனியாக நிறுவ வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 'எல்லாக் கோப்புக்கும் ஸ்பேஸ்' என்று ஒரே போடாகப் போட்டு மேக்ஃபைலை உடைத்துவிடாதீர்கள். அதன் கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்கியாக வேண்டும். டேப்பை எத்தனை எழுத்தாக எண்ணுவது என்பதிலும் ஒற்றுமை கிடையாது. ஃப்ளேக்8-க்குள் இருக்கும் பைகோட்ஸ்டைல் ஒன்றாக எண்ணும், லினக்ஸ் கெர்னல்காரர்களுக்கு அது எட்டு.

அறிகுறி: கண்ணுக்கு ஒரே வரி, கிட் மட்டும் மாறிவிட்டது என்கிறது

வரிக் கடைசியில் தொங்கும் இடைவெளி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 'கிட் டிஃப்' கட்டளைக்கு 'செக்' விருப்பம் அதைச் சொல்லிவிடும். அதுவும் இல்லையென்றால், வரியில் தமிழ் இருக்கிறதா? இருந்தால் தொடர்ந்து படியுங்கள். இது தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே இருக்கிற தலைவலி.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வும் ஒகரக் குறியும் சேர்த்து இரண்டு குறியீட்டுப் புள்ளிகள் (யூனிகோடில் தனி எண் உள்ள குறிகள்). அல்லது க, எகரக் கொம்பு, கால் என்று மூன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. எங்களிடம் பழைய பாமினி எழுத்துருவில் இருந்த ஊர்ப் பட்டியலை ஒரு மாற்றியில் போட்டு எடுத்தோம். அது மூன்று துண்டு வகையைக் கொடுத்தது. பிறகு ஒருவர் அதே ஊரைக் கையால் தட்டச்சு செய்தார், இரண்டு துண்டு. கொரடாச்சேரி என்று தேடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

சேரக்கூடிய துண்டுகளைச் சேர்த்தே வைக்கும் என்எஃப்சி என்னும் வடிவத்துக்கு எல்லாச் சரங்களையும் (நிரலில் உள்ள உரைத் துண்டுகளையும்) மாற்றினால் இது தீரும். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலில் அதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நாங்கள் ஒரு சிறு ஹூக்காகவே எழுதிப் போட்டுவிட்டோம். ஆனால் அது தீர்க்காத ஒன்று இருக்கிறது. 'கௌ' என்பதற்குப் பதில் 'கெ' போட்டு அடுத்து ளகரம் அடிப்பவர்கள். 'கௌரி', 'கெளரி'. இரண்டாவதில் இருப்பது உண்மையான ளகரம், அதனால் என்எஃப்சி அதைத் தொடாது. இதற்குக் கண்தான் மருந்து, அல்லது கெ-வை அடுத்து ள வரும் சொற்களைத் தேடிப் பட்டியலிடும் சோதனை. 'கெளுத்தி' மாதிரி நியாயமான சொல்லும் அதில் மாட்டும், ஆகவே தானாகத் திருத்த விடாதீர்கள்.

அறிகுறி: தமிழ் உள்ள வரியை மட்டும் நீளம் என்கிறது

திரையில் அறுபது எழுத்துக்கூட இல்லை. கருவி 92 என்கிறது. கருவி பொய் சொல்லவில்லை, அது எண்ணுவது வேறு.

'கொள்முதல் நிலையம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து, ஒரு இடைவெளி, ஆகப் பத்து. குறியீட்டுப் புள்ளிகளாக எண்ணினால் 17. யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 49. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அகலம் கிடையாது என்று கழித்துவிடும் கருவிக்கு 14. மேலே சொன்ன மூன்று துண்டு 'கொ'வாக இருந்தால் 17 என்பது 18 ஆகிவிடும். ஒரே இரண்டு சொல், இத்தனை விடை.

பைகோட்ஸ்டைல் குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுகிறது. அதன்மேல் கட்டிய ஃப்ளேக்8-ம் அப்படியே. ரஃப் திரை அகலத்தை மதிப்பிட்டு எண்ணப் பார்க்கிறது. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தமிழ் வரிகளின் நீளம் மட்டும் நகரும், ஆங்கில வரிகள் அப்படியே இருக்கும். யாரோ க்ரெப் என்னும் தேடல் கட்டளையில் எழுதிய வீட்டுத் தயாரிப்புச் சோதனை என்றால், மொழி அமைப்பு 'சி' என்று ஓடுகிறதா பாருங்கள். அப்படியிருந்தால் அது பைட் எண்ணுகிறது, முப்பது எழுத்துத் தமிழ் வாக்கியம்கூட எல்லை தாண்டும்.

தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் இருப்பது போன்ற ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள் என்பார்கள். நமக்கு ஓலை கிழியாது, புள்ளிக்கு ஒன்று வீதம் வரி நீளம்தான் கூடுகிறது.

எடிட்டரில் 88-ஆவது இடத்தில் போட்ட செங்குத்துக் கோட்டையும் தமிழ் வரிகளுக்கு நம்பாதீர்கள். அந்தக் கோடு ஆங்கில எழுத்தின் அகலத்தை வைத்துப் போடுவது. 'ணை' அந்தக் கட்டத்துக்குள் எங்கே அடங்கப் போகிறது.

நாங்கள் செய்தது: பயனர் பார்க்கும் தமிழ் வாக்கியங்களை நிரலிலிருந்து எடுத்து கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்குக் கொண்டுபோனோம். வரி நீளத்துக்காக இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான். வாக்கியம் திருத்துகிறவர் நிரலைத் தொட வேண்டாம். நிரலுக்குள்ளேயே இருந்தே தீர வேண்டிய ஊர்ப் பட்டியல், பருவப் பட்டியல் கோப்புகளுக்கு மட்டும், கோப்புவாரி விலக்கில் வரி நீள எச்சரிக்கையான ஈ501-ஐ அணைத்தோம். வரிக்கு வரி 'இதைச் சோதிக்காதே' என்னும் 'நோக்யூஏ' குறிப்பை ஒட்டுவதைவிட இது சுத்தம்.

அறிகுறி: ஃபார்மேட்டர் ஓடியும் வரி நீளமாகவே இருக்கிறது

பெரும்பாலும் கோளாறு இல்லை. பிளாக் தன் வழக்கமான ஓட்டத்தில் நீண்ட சரங்களை உடைக்காது, குறிப்புரைகளை மடிக்காது. ப்ரெட்டியரின் 80 என்பது கூடுமானவரை அதற்குள் அடக்கு என்கிற அளவு, தாண்டினால் குற்றம் என்பதில்லை. கோஃபம்ட்டுக்கு வரி நீள எல்லையே கிடையாது. ரஃப்பில் ஃபார்மேட்டர் வேறு, குறை சொல்லும் லிண்டர் வேறு. ஈ501-ஐ நீங்களாகச் சேர்க்காமல் அது நீளத்துக்குக் கத்தாது.

ஆக மிஞ்சுவது மனிதர் கையால் உடைக்க வேண்டியவை. நீண்ட இணைய முகவரியை உடைக்கவே கூடாது, சொடுக்க முடியாமல் போகும். அதற்கு விலக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். நீண்ட சரத்தை உடைக்கப் போகிறீர்கள் என்றால் அடுத்த அறிகுறியைப் படித்துவிட்டு உடையுங்கள்.

அறிகுறி: வரியை உடைத்தேன், புரோகிராம் தப்பாக நடக்கிறது

மேலே உள்ளவை எரிச்சல் தரும், இது பணம் தின்னும். பைத்தான் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க அனுமதிக்கிறது, அதனால் உதாரணங்களைத் தமிழிலேயே தருகிறேன்.

பருவங்கள் = [
    "குறுவை",
    "சம்பா"
    "தாளடி",
]

எத்தனை பருவம்? இரண்டு. சம்பாவுக்குப் பின்னால் காற்புள்ளி விட்டுப்போயிற்று. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சரங்களைப் பைத்தான் சத்தமில்லாமல் ஒட்டிவிடும். 'சம்பாதாளடி' என்றொரு பருவம் பிறந்துவிட்டது. பிழைச் செய்தி வராது. அறிக்கையில் தாளடிக் கணக்கு பூஜ்யம் என்று வரும், அப்போதுதான் தெரியும்.

செய்தி = (
    "ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல்"
    "இருப்பதால் மூட்டை ஏற்கப்படவில்லை"
)

இங்கே விட்டுப்போனது இடைவெளி. திரையில் 'மேல்இருப்பதால்' என்று வரும். புணர்ச்சி விதி தெரிந்தால் 'மேலிருப்பதால்' என்றாவது சேர்த்திருக்கும்! இடைவெளியை எப்போதும் முதல் துண்டின் கடைசியில் வைப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தேட வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

தொகை = (
    மூட்டை * விலை,
)

இதில் காற்புள்ளி கூடிப்போயிற்று. பட்டியலில் கடைசிக் காற்புள்ளி நல்ல பழக்கம், பிளாக் அதைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் தனி வரியில் வைக்கிறது. ஆனால் வெறும் அடைப்புக்குறிக்குள் ஒற்றை மதிப்பின் பின்னால் வைத்தால் அது எண் இல்லை, ஒரே உறுப்புள்ள டியூபிள், அதாவது ஒரு தொகுதி. இதை இரண்டால் பெருக்கினால் தொகை இரட்டிக்காது, அதே எண் இரண்டு முறை வரும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இதற்கு ஒரு அண்ணன் உண்டு. 'ரிட்டர்ன்' என்று எழுதிவிட்டு, வரி நீளம் என்று மதிப்பை அடுத்த வரிக்குத் தள்ளினால், ரிட்டர்னுக்குப் பின்னால் மொழியே ஒரு அரைப்புள்ளி போட்டுவிடும். திரும்பி வருவது 'அன்டிஃபைண்ட்'. திறக்கும் அடைப்புக்குறி ரிட்டர்ன் இருக்கும் வரியிலேயே இருக்க வேண்டும்.

ரிவ்யூ செய்பவருக்கு: உடைத்த சரங்கள் இருக்கும் டிஃப்பைச் சொல்வாரியாகப் பாருங்கள், கிட்டில் 'வேர்ட்-டிஃப்' விருப்பம். உடைத்தது மட்டும்தான் என்றால் சொல் எதுவும் மாறியிருக்கக் கூடாது.

அறிகுறி: எல்லா வரியும் எல்லைக்குள், ஆனால் படிக்க முடியவில்லை

இரண்டு வகை. முதல் வகை, பெயரைக் கத்தரித்து வரியைச் சுருக்கியது. எங்கள் நிரலில் 'எம்டி' என்று ஒரு மாறி இருந்தது. மெட்ரிக் டன்னா, காலி மூட்டையா, முதலாளியா? எழுதியவரே யோசித்துத்தான் சொன்னார். 'மூட்டை எடை' என்று இருந்ததை 79-க்குள் அடக்கச் சுருக்கினாராம்! எல்லைக்காகப் பெயரைச் சுருக்குவதைவிட எல்லையைத் தாண்டுவது மேல். வேறு வழியும் இருக்கிறது, கணக்கின் பாதியை ஒரு நல்ல பெயருள்ள மாறியில் போட்டு அதற்கு மேல்வரியில் வைத்துவிடலாம்.

இரண்டாம் வகை, உள்ளே உள்ளே போன நிரல். நில அளவை மாற்றும் ஃபங்ஷன் எங்களிடம் அப்படி இருந்தது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. கேட்டால் எளிமைதான், ஆனால் 'வேலி என்றால், அதற்குள் மா இருந்தால், அதற்குள் குழி இருந்தால், அது காலியாக இல்லாவிட்டால்' என்று ஐந்து படி. ஒவ்வொரு படிக்கும் நான்கு இடைவெளி, நிரல் தொடங்கும்போதே இருபது எழுத்து போய்விட்டது. மீதி இடத்தில் ஃபார்மேட்டர் ஒரு வரிக்கு ஒரு சொல்லாக அடுக்கியது. ஓலைப்பாயைச் சுருட்டி நிறுத்தியதுபோல் இருந்தது. மூன்று படிக்கு மேல் உள்ளே போனால் நிரலையே திருத்து என்பது லினக்ஸ் கெர்னலின் எழுத்து விதிகளில் உள்ள கருத்து. காலியாக இருந்தால் முதல் வரியிலேயே திரும்பிப் போய்விடு என்று எழுதியதும் எங்கள் ஃபங்ஷன் இரண்டு படியில் நின்றது. இப்படிப்பட்ட இடத்தில் வரி நீள எச்சரிக்கை நல்ல சகுனம், எண்ணை உயர்த்தி அதன் வாயை அடைக்காதீர்கள்.

அறிகுறி: எந்த எண் என்பதிலேயே கூட்டம் முடியவில்லை

80 என்பது ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையின் அகலம். அதைப் பார்த்துத் திரைகள் வந்தன, 1978-இல் வந்த விடி100 முனையமும் 80 எழுத்துதான். பைத்தானின் எழுத்து விதிகளான பெப் 8 (2001) 79 என்கிறது, குறிப்புரைக்கு 72, குழுவுக்குள் ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம். பிளாக் 88. கூகுளின் ஜாவா விதி 100. பிஎச்பி உலகின் பிஎஸ்ஆர்-12 மென்மையான எல்லையாக 120 வைத்திருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் சோதனைக் கருவி 2020-இல் எச்சரிக்கையை 80-இலிருந்து 100-க்குத் தள்ளியது.

எங்கள் சண்டையைத் தீர்த்தது இவற்றில் எதுவும் இல்லை. ரிவ்யூ செய்பவரின் 14 அங்குல மடிக்கணினியில் டிஃப்பை இரண்டு பக்கமாகத் திறந்து, எத்தனை எழுத்துவரை மடியாமல் தெரிகிறது என்று பார்த்தோம். 88 தெரிந்தது, 120 தெரியவில்லை. பெரிய திரை வைத்திருப்பவர் கொஞ்ச நேரம் முனகினார்.

அறிகுறி: பழைய நிரல் முழுவதையும் ஒழுங்குசெய்ய ஆசை, 'கிட் பிளேம்' பாழாகும் என்று பயம்

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டுவது பிளேம், ஆகவே பயம் நியாயம்தான். முழுக் களஞ்சியத்துக்கும் ஃபார்மேட்டர் ஓட்டினால் மாறிய ஒவ்வொரு வரியையும் எழுதியது நீங்கள்தான் என்று பிளேம் காட்டும். கிட் 2.23-இலிருந்து (2019) இதற்கு வழி இருக்கிறது. ஃபார்மேட் மட்டும் செய்த கமிட்டின் முழு அடையாள எண்ணை ஒரு கோப்பில் எழுதி, பிளேம் அதைத் தாண்டிப் பார்க்கும்படி 'இக்னோர் ரெவ்ஸ் ஃபைல்' அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டினால் போதும். புள்ளி, கிட், பிளேம், இக்னோர், ரெவ்ஸ் என்று சிறுகோடுகளால் இணைத்த வழக்கமான பெயரை வைத்தால் கிட்ஹப்பும் அதைப் பார்த்துக்கொள்ளும். அந்தக் கமிட்டில் வேறு ஒரு மாற்றமும் கலக்கக் கூடாது. ஒரே ஒரு பிழைத்திருத்தத்தைச் செருகினாலும் அது பிளேமின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பல கமிட்டை ஒன்றாக்கும் ஸ்குவாஷ் மெர்ஜும் வேண்டாம், அடையாள எண் மாறிப் பட்டியல் செல்லாமல் போகும்.

எப்போது ஓட்டுவது என்பதுதான் நாங்கள் தவறிய இடம். முதல் தடவை மாசியில் ஓட்டினோம். சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் மும்முரமாக நடக்கும் நேரம், ஐந்து பேரிடமும் ஏழெட்டு பிரான்ச் (இன்னும் சேர்க்காத தனிக் கிளை) திறந்து கிடந்தது, ஒவ்வொன்றிலும் மோதல். இரண்டு நாள் அதைப் பிரிப்பதில் போனது. பாதியில் விட்டுவிட்டு, மறுபடி சித்திரைக்குத் தள்ளினோம். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வாருவதும் அந்த மாதங்களில்தானே. திறந்திருந்த பிரான்ச் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் மெர்ஜ் செய்யச் சொல்லி, மிஞ்சிய ஒன்றுக்கு மட்டும் அந்தப் பிரான்ச்சிலேயே அதே பதிப்பு ஃபார்மேட்டரை முதலில் ஓட்டிவிட்டுப் பிறகு மெர்ஜ் செய்தோம். சனிக்கிழமை காலை கமிட் போனது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மன்னார்குடிப் பெண் தன் அடுத்த புல் ரிக்வெஸ்ட்டை அனுப்பினார், இரண்டு கமெண்ட் எழுதினேன், இரண்டும் கணக்கைப் பற்றி.